இந்தக் கெடுவை வைத்தது யார்?

பத்துமலையில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில், விளையாட்டுத் துறை மாணவர்களின் பெற்றோர்களிடையே நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் உங்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு திடலின் ஓரத்தில் தண்ணீர் போத்தலும் துண்டுமாக நிற்க வேண்டிய நேரம். அதை விட்டுவிட்டு செலாயாங், கோம்பாக், செந்தூல் என்று பக்கத்திலிருந்து மட்டுமல்லாமல், கிள்ளானிலிருந்தும் ரயில் மாறி வந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'விளையாட்டும் உயர்கல்வியும்'. இந்தத் தலைப்பில் வழக்கமாக என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை நன்றாக ஓடினால், நன்றாகப் பந்தடித்தால் உபகாரச் சம்பளம் எப்படி வாங்குவது என்று சொல்வார்கள். நான் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அழைப்பு வந்துவிட்டது, கடிதமோ, தொலைபேசியோ, புலனத்தில் ஒரு செய்தியோ வந்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிற அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் என் பேச்சு. அந்த ஒரு வாரத்தில் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருப்பதில்லை.

எங்கள் நிகழ்ச்சிக்கு ஒருமுறை காப்பாரிலிருந்து ஓர் ஐயா தொலைபேசியில் வந்தார். லோரி ஓட்டுநர். மகள் மாநில அளவில் ஹாக்கி ஆடுகிறவள், அப்போது ஐந்தாம் படிவம். ஆட்டம் முடிந்து திடலைவிட்டு வெளியே வந்ததும் ஒரு தனியார் கல்லூரியின் ஆள் பிடித்துக்கொண்டாராம். "அண்ணே, விளையாட்டுப் பிரிவுல ரெண்டே சீட்டுதான் இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஐந்நூறு வெள்ளி கட்டிட்டீங்கன்னா பிள்ளைக்கு எடுத்து வெச்சிடுறேன்." ஐயா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "கட்டலாமாம்மா?"

நான் திருப்பிக் கேட்டேன்: "ஐயா, வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்தது யார்?"

அவரிடம் பதில் இல்லை. போய்க் கேட்கிறேன் என்றார். கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வரை பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார்களாம். அதற்கும் அடுத்த வாரம் அவர்களே கூப்பிட்டு, இன்னும் அதே இரண்டு இடங்கள்தான் இருப்பதாகச் சொன்னார்களாம். அந்த இரண்டு இடங்களும் மிகப் பொறுமையான இடங்கள் போலிருக்கிறது!

சிரிக்கிறீர்கள். ஆனால் இதில் எனக்குக் கொஞ்சம் தொழில் அனுபவம் உண்டு. நான் விளையாட்டுத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். படித்தது தொடர்புத் துறையில் டிப்ளோமா, வேலை தொலைக்காட்சியில். விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கும்போது எங்களுக்கு எழுதிக் கொடுக்கப்படும் முதல் வாக்கியம் பெரும்பாலும் 'முந்துங்கள்' என்றுதான் இருக்கும். கடைசி வாக்கியம் 'சலுகை குறுகிய காலத்துக்கு மட்டுமே'. திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடும். அந்தக் கடிகாரம் எதற்காக என்றால், பார்ப்பவர் பக்கத்துக் கடைக்குப் போய் விலை விசாரிக்கக் கூடாது என்பதற்காக. பாயும் மெத்தையும் விற்பவர்கள் அப்படிச் செய்தால் போகட்டும். பதினேழு வயதுப் பிள்ளையின் நான்கு ஆண்டுகளை விற்கும்போதும் அதே கடிகாரம் ஓடுகிறது என்பதுதான் என் கவலை.

இந்த நெருக்குதல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க அமெரிக்காவின் கல்லூரி பேஸ்பாலைப் பார்க்க வேண்டும். நம் பள்ளிகளில் அதன் தங்கையான சோஃப்ட்பால்தான் உண்டு. பேஸ்பால் அதிகம் இல்லை. ஆனால் ஆள் பிடிக்கும் முறை எல்லா விளையாட்டுக்கும் ஒன்றுதான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அங்கே கல்லூரி விளையாட்டுகளில் பெரும்பகுதியை நடத்துவது என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு. அதன் முதல் பிரிவில் ஒரு பேஸ்பால் அணிக்கு நீண்ட காலமாக 11.7 உபகாரச் சம்பளங்கள் மட்டுமே அனுமதி. பன்னிரண்டுகூட இல்லை. அணியிலோ முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள். ஆகவே பயிற்றுநர் அந்தப் பதினொன்றே முக்காலுக்கும் குறைவான தொகையைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுப்பார். ஒருவனுக்குப் பாதி, ஒருவனுக்குக் கால். நம் ஊரில் 'அமெரிக்காவில் உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டது' என்று கேள்விப்பட்டால் முழுச் செலவையும் அவர்களே ஏற்பதாக நினைத்துக்கொள்கிறோம். பல விளையாட்டுகளில் அது முழுச் சோறு அல்ல, ஒரு கரண்டி.

இப்போது அந்தப் பயிற்றுநரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். அவருக்கு ஒரே ஒரு நல்ல பந்து பிடிப்பவன் வேண்டும். கண்ணில் பட்டவர்கள் நான்கு பேர். முதலாமவனிடம் கேட்டுவிட்டு அவன் ஒரு மாதம் யோசிக்கட்டும் என்று விட்டால், மற்ற மூவரும் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள். ஆகவே முதலாமவனுக்கு மூன்று நாள் கெடு. அவர் கெட்டவர் அல்லர். அவருடைய பயத்தை அவர் பிள்ளையின் தலையில் இறக்கி வைக்கிறார், அவ்வளவுதான். கெடு என்பது பெரும்பாலும் கொடுப்பவரின் பயம். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் படபடப்பு அடங்கிவிடும்.

போட்டி முற்ற முற்ற, பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களிடமே கல்லூரிகள் வாய்மொழி உறுதி வாங்க ஆரம்பித்தன. நம் கணக்கில் முதலாம், இரண்டாம் படிவப் பிள்ளைகள். குரல்கூட உடையாத வயதில், ஐந்து ஆண்டு கழித்து எந்தக் கல்லூரிக்கு ஆடுவேன் என்று வாக்குக் கொடுப்பது! அந்த வாக்கு இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. பையன் உயரம் வளராவிட்டால், தோள்பட்டையில் அடிபட்டால், பயிற்றுநர் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டால், அந்த வாக்கு காற்றோடு போய்விடும். பையனோ அதற்குள் மற்ற கல்லூரிகளுக்கெல்லாம் 'வேண்டாம்' சொல்லி முடித்திருப்பான். கடைசியில் 2023-ல் என்.சி.ஏ.ஏ. விதியை மாற்றியது. பேஸ்பாலில் இனி பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் ஆண்டின் ஆகஸ்டு 1-ஆம் தேதிக்கு முன்பு பயிற்றுநர்கள் மாணவரோடு சேர்க்கை பற்றிப் பேசவும் கூடாது. வாய்மொழியாக இடம் தருவதாகச் சொல்லவும் கூடாது. பெரியவர்களின் அவசரத்துக்கு விதி போட்டுத்தான் வேலி கட்ட வேண்டியிருந்தது.

கையெழுத்துப் போட்ட பிறகாவது பாதுகாப்பா என்றால், அதுவும் ஓரளவுதான். அங்கே 1964 முதல் தேசிய உறுதிக் கடிதம் என்ற ஒரு முறை இருந்தது. அதில் கையெழுத்திட்ட மாணவர் ஓர் ஆண்டுக்கு அந்தக் கல்லூரிக்குக் கட்டுப்பட்டவர். அந்த முறையே 2024 அக்டோபரில் கைவிடப்பட்டது; இப்போது நிதியுதவி ஒப்பந்தம்தான் கையெழுத்தாகிறது. 2025 ஜூன் மாதம் ஒரு பெரிய வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. அதன்படி, அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 11.7 என்ற உச்சவரம்பு போய், அணியில் 34 பேர் மட்டுமே இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. பணம் பெறும் வாய்ப்பு கூடியது. அணியில் நிற்கும் இடம் குறைந்தது. இடம் உறுதி என்று நம்பியிருந்த பலரைக் கல்லூரிகள் முன்கூட்டியே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. அவர்களை என்ன செய்வது என்று நீதிபதியே கேட்கும் நிலை வந்தது. பதினான்கு வயதில் அவசரமாகத் தலையாட்டியவனையும் அந்த மாற்றம் விடவில்லை. நிதானமாக யோசித்தவனையும் விடவில்லை. ஆனால் கையில் எழுத்து இருந்தவனுக்கும், வேறு ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தவனுக்கும் அடி கொஞ்சம் மெதுவாக விழுந்திருக்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாக் கெடுவும் பொய் அல்ல. அதே பேஸ்பாலில், பள்ளி முடித்த பையனைத் தொழில்முறை அணி தேர்ந்தெடுத்தால், அவன் சில வாரங்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்று நான்காண்டுக் கல்லூரிக்குப் போய்விட்டால், பொதுவாக மூன்றாம் ஆண்டு முடியும்வரை அல்லது 21 வயது ஆகும்வரை தொழில்முறை அணிகள் அவனை மறுபடி தேர்ந்தெடுக்க முடியாது. அது நிஜமான கெடு. அதை யாரும் வெள்ளிக்கிழமையிலிருந்து அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைக்க முடியாது. நிஜக் கெடு விதிப் புத்தகத்தில் இருக்கும். எல்லாருக்கும் ஒரே தேதியாக இருக்கும். உங்கள் வீட்டுத் தொலைபேசியில் மட்டும் வருகிற தேதியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

நம் பிள்ளைகளுக்கு முதல் அழைப்பு கல்லூரியிலிருந்து வருவதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும்போதே வந்துவிடுகிறது. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, ஜொகூர் பண்டார் பெனாவாரில் இருக்கும் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி போன்றவற்றுக்குத் தேர்வாகும் பிள்ளை பன்னிரண்டு வயதில் விடுதிக்குப் போக வேண்டும். பெருமையான விஷயம்தான். ஆனால் அம்மா அழுகிறார், பாட்டி வேண்டாம் என்கிறார், பயிற்றுநர் 'இந்த வாய்ப்பு மறுபடி வராது' என்கிறார். பிள்ளையை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், ஆறு பேர் சுற்றி நின்று கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? தலையாட்டும்.

அடுத்தது ஐந்தாம் படிவம். இங்கேதான் கடிகாரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2021-ல் ஜூன் 10, 2024-ல் மே 27, 2025-ல் ஏப்ரல் 24. முடிவு வருவதற்கு முன்பே, முன்னோட்டத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு தனியார் கல்லூரிகள் இடம் கொடுக்க ஆரம்பித்துவிடுகின்றன. யு.பி.யு. விண்ணப்பத்துக்கு ஒரு தேதி, மெட்ரிகுலேஷனுக்கு ஒரு தேதி, அதன் முடிவு வர ஒரு காலம், கிடைக்காவிட்டால் மேல்முறையீடு. இந்த நீண்ட காத்திருப்புக்கு நடுவில்தான் "இன்றே கட்டினால் கட்டணத்தில் கழிவு" என்று தொலைபேசி வருகிறது.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? ஆறாம் படிவத்துக்கு விற்பனையாளர் கிடையாது. எஸ்.டி.பி.எம். எழுதச் சொல்லி யாராவது திடலுக்கு வெளியே வந்து நின்று உங்கள் கையைப் பிடித்திருக்கிறார்களா? மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு, செலவு மிகக் குறைவு, பல்கலைக்கழகம் போக அங்கீகரிக்கப்பட்ட வழி. ஆனால் அதைச் சொல்லிக் கமிஷன் வாங்க ஆள் இல்லை. பாலிடெக்னிக்கிலிருந்தும் யாரும் கூப்பிட மாட்டார்கள். மெட்ரிகுலேஷனுக்கு நாமே கணினியில் உட்கார்ந்து மனுச் செய்ய வேண்டும். 2024-ல் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம்.மில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெறுகிறவர்களுக்கு இனப் பாகுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று அறிவித்தார். திடலில் வளர்ந்த பிள்ளைகளில் பத்து ஏ எடுப்பவர்கள் குறைவுதான். அது எனக்கும் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. நம்மைத் தேடி வருகிற வாய்ப்பு மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறது. நாம் தேடிப் போக வேண்டிய வாய்ப்பு சத்தம் போடாது. சத்தத்தைக் கேட்டு முடிவு செய்தால், எப்போதும் கட்டணம் அதிகமுள்ள பக்கமே சாய்வோம்.

அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் புள்ளிக் கணக்கு 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாடம். மாநிலத்தையும் நாட்டையும் பிரதிநிதித்த சான்றிதழ்கள் அந்தப் பத்தில்தான் சேரும். எம்.எஸ்.எஸ்.எம்., சுக்மா சான்றிதழ்களைச் சுவரில் மாட்டிவிட்டு விண்ணப்பத்தில் சேர்க்க மறந்த குடும்பங்கள் உண்டு. கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, நகல் எடுத்து, பள்ளி முத்திரை வாங்கி ஒரு கோப்பில் வையுங்கள். இந்த வேலையை நான்காம் படிவத்திலேயே செய்யலாம். நம்மை நெருக்குகிற அவசரத்தில் பாதி இப்படிச் சிறு வேலைகளைத் தள்ளிப்போட்டதால் வருவது.

இனி வெளிநாடு. இந்த அறையில் இருக்கும் பலர் காத்திருப்பது இதற்குத்தான்.

நம்மிடையே இருந்து போன இருவரைச் சொல்கிறேன். சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த எஸ். சிவசங்கரி 2018-ல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கல்லூரி அணிக்கு ஸ்குவாஷ் ஆடிக்கொண்டே படித்துப் பட்டம் பெற்றார். 2022 ஜூனில் கார் விபத்தில் பலத்த காயம். அந்த ஆண்டு பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் கலந்துகொள்ள முடியவில்லை. மறுபடி ஆடுவாரா என்றே கேள்வி. அவர் திரும்பி வந்து, 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்றார். 2024-ல் லண்டன் கிளாசிக் பட்டத்தையும் எடுத்தார். அவர் திரும்பி வந்த கதையை எல்லாரும் கொண்டாடினோம். எனக்கு வேறொன்றும் தோன்றியது. ஒருவேளை திரும்பி வர முடியாமல் போயிருந்தாலும் அந்தப் பெண்ணின் கையில் ஒரு பட்டம் இருந்திருக்கும்.

இரண்டாமவர் ஷெரீன் சாம்சன் வல்லபாய். தந்தை, தாய் இருவருமே நாட்டுக்காக ஓடியவர்கள். ஷெரீன் போனது பெரிய பெயருள்ள கல்லூரிக்கு அல்ல. மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கும் வினோனா ஸ்டேட் பல்கலைக்கழகம், என்.சி.ஏ.ஏ.வின் இரண்டாம் பிரிவு. நம் ஊரில் ஒரு தரகர் 'இரண்டாம் பிரிவு' என்று சொன்னால் முகம் சுளிப்போம். ஷெரீன் அங்கே படித்துக்கொண்டேதான், 1993 முதல் அசையாமல் இருந்த ராபியா அப்துல் சலாமின் மகளிர் 400 மீட்டர் தேசியச் சாதனையை 2023-ல் முறியடித்தார்.

கல்லூரிக்கே போகாமல் சரியான முடிவெடுத்தவரும் உண்டு. நிக்கோல் டேவிட் 2000-ஆம் ஆண்டு, பதினாறு பதினேழு வயதில் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைந்தார். பிறகு ஆம்ஸ்டர்டாமில் லிஸ் இர்விங்கிடம் பயிற்சி. எட்டு முறை உலக வெற்றியாளர்; 2006 முதல் 2015 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் உலகின் முதல் நிலை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தொழில்முறைக்குப் போவதற்கு முன்பே, 1999-ல் அவர் உலக இளையோர் வெற்றியாளர். அவர் குடும்பம் ஒரு தரகரின் கணிப்பை நம்பிக் கல்வியைத் தள்ளி வைக்கவில்லை. கையில் ஓர் உலகப் பட்டம் இருந்தது. 'நிக்கோலும்தான் கல்லூரிக்குப் போகவில்லை' என்று சொல்லும் தந்தைமார்கள் அந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்கப் பாதையில் அவசரப்படுத்துகிறவர்கள் சொல்லும் ஒரு வாக்கியத்தை மட்டும் இங்கேயே உடைத்துவிடுகிறேன். "ஐவி லீக் பல்கலைக்கழகத்தில் முழு விளையாட்டு உபகாரச் சம்பளம் வாங்கித் தருகிறேன், இந்த மாதத்துக்குள் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்." ஹார்வர்ட், யேல், கோர்னெல் முதலிய எட்டும் சேர்ந்தது ஐவி லீக். அந்த எட்டுப் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் கொடுப்பதே இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. பயிற்றுநர் ஒரு மாணவரை ஆதரித்துப் பேசலாம். ஆனால் இடம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகம். இல்லாத ஒன்றை வாங்கித் தருகிறேன் என்பவருக்குக் கெடு மட்டும் எங்கிருந்து வருகிறது? இன்னொன்று, ஸ்குவாஷ் என்.சி.ஏ.ஏ.வின் கீழ் வரும் விளையாட்டே அல்ல. அதற்குத் தனிச் சங்கம் உண்டு. இதுகூடத் தெரியாமல் பேசுகிற தரகரிடம் ஐந்நூறு வெள்ளி என்ன, ஐம்பது காசுகூடக் கொடுக்க வேண்டாம்.

அமெரிக்காவில் உண்மையான நேரக் கணக்கு இதுதான். கல்லூரி ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்கும். பயிற்றுநர்கள் ஓரிரண்டு ஆண்டு முன்பே ஆட்களைப் பார்த்து வைத்துவிடுகிறார்கள். ஆகவே எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு முதல் மின்னஞ்சல் அனுப்பினால், நல்ல இடங்கள் பெரும்பாலும் போயிருக்கும். மீதமிருப்பதை எடுத்துக்கொள் என்று நெருக்குவார்கள். பிள்ளை நான்காம் படிவத்தில் இருக்கும்போதே ஆட்டத்தின் ஒளிப்பதிவு, நேரக் குறிப்புகள், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றோடு நீங்களே பத்துக் கல்லூரிப் பயிற்றுநர்களுக்கு எழுதலாம். இதற்குக் கட்டணம் இல்லை. பயிற்றுநர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கல்லூரிகளின் இணையப் பக்கங்களிலேயே இருக்கின்றன. பள்ளி முடித்த பிறகு நீண்ட காலம் போட்டிகளில் ஆடிக்கொண்டே காத்திருந்தால் கல்லூரியில் ஆடத் தகுதியுள்ள ஆண்டுகள் குறையக்கூடும். பரிசுப் பணம் வாங்கியதும் கேள்விக்கு வரலாம். அந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், கல்லூரியின் விதிமுறை அலுவலரிடம் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

அழைப்பு வந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு, "எழுத்தில் அனுப்புங்கள், குடும்பத்தோடு பேசிவிட்டு இன்ன தேதியில் சொல்கிறோம்" என்று நீங்கள் ஒரு தேதி வையுங்கள். அந்தத் தேதியில் தவறாமல் சொல்லுங்கள். இழுத்தடிப்பது வேறு, அவகாசம் கேட்பது வேறு. நல்ல பயிற்றுநருக்கு அந்த வித்தியாசம் தெரியும். அவகாசம் கேட்டதற்காகவே இடத்தைப் பறிப்பவர், பிள்ளை காயம்பட்டுப் படுத்திருக்கும்போது எப்படி நடந்துகொள்வார் என்று யோசியுங்கள்.

எழுத்தில் வந்ததும் தொகையைப் பாருங்கள். எத்தனை விழுக்காடு, எத்தனை ஆண்டு? ஓராண்டுக்கு மட்டுமா, ஆண்டுதோறும் புதுப்பிப்பார்களா, புதுப்பிக்க என்ன நிபந்தனை? தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி, விமான டிக்கெட் யார் பொறுப்பு? அடிபட்டு ஆட முடியாமல் போனால் உதவி தொடருமா? அழைத்த பயிற்றுநர் மாறினால்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம், பயிற்றுநர்கள் வேலை மாறுகிறவர்கள்தான். உள்நாட்டுத் தனியார் கல்லூரி என்றால் படிப்பு மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்குமா, எந்தத் தேதி வரை என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பி.டி.பி.டி.என். கடனோ, ஊழியர் சேமநிதியின் கல்விக்கான மீட்போ துணைக்கு இருக்கிறதென்று தைரியமாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள், அந்தப் பணத்துக்கு மனுச் செய்து கைக்கு வரும் நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியின் கெடு ஒரு பக்கம், பணம் வரும் நாள் ஒரு பக்கம் என்று ஆகி, நடுவில் வட்டிக்கு வாங்கிய குடும்பங்களை எங்கள் நிகழ்ச்சியில் கேட்டிருக்கிறோம்.

வெளியிலிருந்து வரும் நெருக்குதலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குள்ளேயும் உண்டு. அழைப்பு வந்த அன்று மாலையே அப்பா படத்தோடு முகநூலில் போட்டுவிடுவார். மறுநாள் கோயிலில் ஐந்து பேர் வாழ்த்துவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை 'எனக்கு வேண்டாம்' என்று எப்படிச் சொல்லும்? கையெழுத்தாகும்வரை ஊருக்குச் சொல்லாமல் இருப்பது பிள்ளைக்கு நாம் கொடுக்கும் அவகாசம். அடுத்தது, உள்ளூர்ப் பயிற்றுநர். பத்து ஆண்டு காசு வாங்காமல் பயிற்சி கொடுத்தவர், ஒரு கல்லூரியைக் காட்டி 'அங்கே போ' என்றால் மறுக்க நா எழாது. நன்றிக்கடன் வேறு, கல்லூரி வேறு. அதை அவரிடம் பேச வேண்டியவர் தந்தையோ தாயோ. பிள்ளையின் தலையில் கட்டக் கூடாது.

நம் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். முன்பணம் கட்டப் போகும்போது ராகு காலம் பார்க்கிறோம். எமகண்டம் போகட்டும் என்று வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். ஒன்றரை மணி நேரம் பொறுக்கத் தெரிந்த நமக்கு, 'இன்னும் ஒரு வாரம் கொடுங்கள்' என்று கேட்கத் தெரியாமல் போவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் ஒரு பயிற்றுநர் நேரடியாகப் பேசினால், அன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள். 'அப்பாவிடம் இப்போது சொல்லாதே' என்று யாராவது சொன்னால் அதை முதலில் சொல்லுங்கள். மூத்த ஆட்டக்காரர்களிடம் கேளுங்கள். அந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவரை, அடிபட்டு அணியிலிருந்து விலகியவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். கல்லூரி காட்டுகிற ஆளைவிட அவர்கள் அதிகம் சொல்வார்கள்.

அந்தக் காப்பார் ஐயாவின் மகள் என்ன ஆனாள் என்று இடைவேளையில் ஓர் அம்மா கேட்டார். எஸ்.பி.எம். முடிவு வரும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். ஆறாம் படிவத்தில் சேர்ந்தாள். பள்ளி அணியில் ஆட்டத்தைத் தொடர்ந்தாள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது கேள்வி நேரம். கையில் அழைப்புக் கடிதம் வைத்திருப்பவர்கள் மூன்று பேர் இருப்பதாகச் சொன்னார்கள். பெயரையும் கல்லூரியையும் மறைத்துவிட்டுக் கொண்டு வாருங்கள். எழுத்து சிறியதாக இருக்கும் பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம்.